வீரைமரத்துப் பொட்டலங்கள்

முதலில் தண்ணீரைச் சொல்லிவிடுகிறேன். அந்த வருடத்தின் எல்லாத் தொல்லையும் அதிலிருந்துதான் தொடங்கியது.

தருமபுரத்தைத் தாண்டி வயல்களுக்கு நடுவே எங்கள் நாற்றங்கால் இருந்தது. அழிந்துகொண்டிருக்கும் காட்டு மரங்களை விதை இல்லாமல் கிளையிலிருந்தே வளர்த்தெடுக்கும் ஆராய்ச்சித் திட்டம். நான் அதில் தற்காலிக உதவியாளன். பதினோரு மாதத்துக்கு ஓர் ஆணை வரும். பிறகு நீட்டித்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பாலிதீன் போர்த்திய நீளக் கொட்டகை ஒன்று, உள்ளே மணல் படுக்கை, மேலே குழாய். குழாயின் முனைகள் வழியாகத் தண்ணீர் புகைபோல இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். வெட்டி நட்ட குச்சிக்கு வேர் வரும்வரை தண்ணீர் குடிக்க வழியில்லை, அதனால் அதைச் சுற்றியுள்ள காற்றையே ஈரமாக வைத்திருக்க வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. புத்தகத்தை எழுதியவர் காரைக்கால் தண்ணீரைக் குடித்துப் பார்த்தவராக இருக்க முடியாது. எங்கள் ஆழ்குழாயில் வந்தது பாதிக் கடல். முனைகளில் உப்புப் பூத்து அடைத்துக்கொள்ளும். தினமும் காலையில் குண்டூசியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டிருப்பேன். தெளித்தால் இலையோரம் கருகியது. தெளிக்காவிட்டால் இலையே கருகியது. இரண்டுக்கும் நடுவில் கரண்ட் போகும்.

திட்டத்தை நடத்திய மேடம் புதுச்சேரியில் இருந்தார். வாரத்துக்கு ஒருமுறை போன் செய்வார்.

"எத்தன பர்சன்ட் வேர் விட்டிருக்கு?"

"இன்னும் இல்லங்க மேடம்."

"இன்னும் இல்லன்னா, ஜீரோன்னு எழுதிக்கவா?"

"அடுத்த வாரம் பாத்துட்டுச் சொல்றேன் மேடம்."

"போன வாரமும் இதத்தான் சொன்னீங்க."

சொன்னேன்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான். அப்பா படகுக்குப் போகிறவர், அம்மா கூடையில் மீன் விற்கிறவள். பூஜ்ஜியம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவதற்காகவா இவ்வளவு படித்தேன் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

மேடம் கொடுத்த மரங்களின் பட்டியலில் வீரையும் ஒன்று. அதைத் தேடி நான் எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஊர் ஐயனார் கோயிலுக்கு வடக்கே ஒன்று நின்றது. திருமலைராயன்பட்டினத்துக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்த ஊர் எங்களுடையது. ஒரு காலத்தில் இந்தக் கரை முழுக்க அந்தக் காடு இருந்ததாம். இப்போது கோயில்களுக்குள் ஒன்றும் இரண்டுமாக மிச்சம். அடிமரம் ஒன்றாக உருண்டு இருக்காது, நாலைந்து மரத்தை முறுக்கிப் பிழிந்தது போலப் பள்ளமும் மேடுமாக இருக்கும். இலை சின்னது, தடித்தது, கரும்பச்சை. கோயிலில் மஞ்சள் துணியும் சூலமும் எல்லாம் வேப்பமரத்துக்குத்தான். வீரையை யாரும் கும்பிட்டதில்லை. அதன் நிழலில் வலை காயும், கருவாடு காயும், ஆட்கள் சீட்டு ஆடுவார்கள்.

அது ஆண் மரம். வீரையில் ஆண் தனி, பெண் தனி. பக்கத்தில் பெண் மரம் இல்லாததால் இதனால் ஒரு விதைக்கும் வழியில்லை. கோடியக்கரைப் பக்கம் பெண் மரங்கள் இருந்தன. இதன் கிளையிலிருந்து செடிகளை உண்டாக்கி, அங்கிருந்து கொண்டுவந்த செடிகளோடு ஒரே இடத்தில் நட்டால், ஒரு காலத்தில் விதை விழும். மேடத்தின் திட்டம் இவ்வளவுதான். சொல்ல இரண்டு வரி.

கிளை வெட்ட அனுமதி கேட்டு ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவரிடம் போனேன். கோயில் வாசலில் உட்கார்ந்து, வரப்போகும் புது மண்டபத்தின் வரைபடத்தைக் கல்லால் அழுத்தி விரித்து வைத்திருந்தார். கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு எங்கள் ஆட்களுக்கு எல்லாவற்றையும் காங்கிரீட்டில் கட்டிவிடும் ஆசை வந்திருந்தது.

"கெளதான தம்பி, வெட்டிக்க" என்றார். "தையில மரத்தையே எடுக்கப் போறோம். மண்டபத் தூணு அந்த எடத்துல வருது. செத்த பொறுத்தியன்னா மொத்தமா ஏத்திக்கிட்டுப் போவலாம்."

"எனக்கு உசுரோட வேணுங்க."

"உசுரோடத்தான நிக்குது."

"வெட்டிட்டா செத்துருமுங்க."

"அதத்தான நானும் சொல்றேன். வெட்டுறதுக்கு முன்னாடி எடுத்துக்க."

ஆண், பெண், விதை எல்லாவற்றையும் விளக்கினேன். எங்கள் எதிர்வீட்டுச் சித்தி பக்கத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: "ஆம்பள மரமா? அதான் ஒரு வேலயும் பாக்காம நெழல்ல நிக்குது."

சீட்டு ஆடிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். என் விளக்கம் அத்தோடு முடிந்தது.

ஈரச் சாக்கில் சுற்றி, சைக்கிளில் வைத்து, மூன்று முறை குச்சிகளைக் கொண்டுபோனேன். அடியைச் சாய்வாக வெட்டி, வேர் மருந்தில் தோய்த்து, மணலில் நட்டேன். முதல் தடவை இலை உதிர்ந்தது. இரண்டாவது தடவை அடி அழுகியது. மூன்றாவது தடவை இரண்டும் நடந்தன. மேடம் பூஜ்ஜியம் என்று எழுதிக்கொண்டார். "சரி, மரத்துலயே பதியன் போட்டுப் பாருங்க" என்றார்.

இது நல்ல யோசனை. கிளையை வெட்டாமல் மரத்திலேயே வைத்து வேர் விட வைப்பது. பென்சில் கனத்தில் ஒரு கிளையைத் தேர்ந்தெடுத்து, ஒரு வளையம் அளவுக்குப் பட்டையை உரித்து, அந்தக் காயத்தில் வேர் மருந்தைத் தடவி, அதைச் சுற்றி ஈரமான தென்னை நார்க்கழிவை உருண்டையாக வைத்து, உள்ளே தெரிகிற பாலிதீனால் மூடி, இரண்டு பக்கமும் சணலால் கட்ட வேண்டும். கிளை தாய்மரத்திலிருந்து குடித்துக்கொண்டே இருக்கும். காயத்தில் வேர் வரும். வேர் நிறைந்ததும் அதற்குக் கீழே அறுத்து எடுத்துப் பையில் வைக்கலாம். எங்கள் உப்புத் தண்ணீரும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து நார்க்கழிவை நனைத்தேன். ஏணி போட்டு ஏறி, புரட்டாசி முடிவதற்குள் பன்னிரண்டு பொட்டலங்கள் கட்டினேன். ஒவ்வொன்றுக்கும் தகரத்தில் எண் அடித்துத் தொங்கவிட்டேன். அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது, படித்த வேலையைச் செய்தோம் என்று நிம்மதியாக இருந்தது.

ஐப்பசி மழையில் நாற்றங்கால் முழங்கால் அளவுக்கு மூழ்கியது. பைகளையெல்லாம் மேட்டுக்கு ஏற்றவே பத்து நாள் ஆனது. மழை விட்டு மரத்தடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தால், என் பன்னிரண்டு பொட்டலங்களைத் தேட வேண்டியிருந்தது.

மரம் முழுக்கப் பொட்டலங்கள். பால் கவர், ஜவுளிக்கடைப் பை, ஊறுகாய் பாக்கெட். எல்லாவற்றிலும் கடற்கரை மணல். ஒன்றில் மஞ்சள் கிழங்கு, ஒன்றில் துருப்பிடித்த என்ஜின் போல்ட்டு, ஒன்றில் பரீட்சை நம்பர் எழுதிய துண்டுத்தாள். என் ஏழாம் எண் பொட்டலத்துக்குப் பக்கத்துக் கிளையில் ஒரு பாஸ்போர்ட் அளவுப் போட்டோ, நனையாமல் இரண்டு கவருக்குள்; அதிலிருந்து சித்தியின் மகன் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பிரான்சுக் குடியுரிமை உள்ள வீட்டில் பெண் எடுத்திருந்தார்கள். மனைவி அங்கே போய்விட்டாள், இவனுக்கு விசா வரவில்லை.

எல்லாம் வலை பின்னும் நைலான் நரம்பால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தன. எங்கள் ஊர்ப் பெண்கள் ஒன்றைக் கட்டினால் அது கடலில் கிடந்தாலும் அவிழாது. நாலைந்து கிளைகளில் முடிச்சுக்கு அப்பால் இலை மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. ஏணியில் ஏறி ஒரு முடிச்சைத் தளர்த்தப் போனேன்.

"ஏய், கை வைக்காத." கீழே சித்தி. "வேண்டுதல அவுக்கக் கூடாது."

"யாரு வேண்டுதல்? என்னா வேண்டுதல்?"

"நீ கட்டுனதுதான் மொதல்ல. எங்கிட்டயே கேக்குற."

"சித்தி, நான் கட்டுனது வேண்டுதல் இல்ல. வேர் வர்றதுக்குக் கட்டுனது. நீங்க இறுக்கிக் கட்டியிருக்கீங்க, கெள செத்துரும்."

"நாகூரு தர்காவுல வேண்டிக்கிட்டுப் பூட்டுப் போட்டுட்டு வர்றோம். கதவா செத்துப் போவுது? எறங்குடா."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். நண்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். கொஞ்சமும் அசரவில்லை.

"மார்க்கெட்டுல எல்லாரும் கேக்குறாளுவ, ஓம் மவன் மரத்துல ஏறி என்னா பண்றான்னு. என்னா சொல்றது? இம்புட்டு படிச்சிட்டு கெளைக்கு மண்ணு கட்டுறான்னு சொல்லவா? கவர்மெண்டு வேலைக்கு வேண்டிக்கிட்டுக் கட்டியிருக்கான்னேன். கேட்டவ வாய மூடிட்டா."

"பொய்யில்லயா அது?"

"ஏன், ஒனக்கு கவர்மெண்டு வேல வேணாமா?"

வேண்டும்தான்.

அதற்குப் பிறகு நான் யாரிடம் எதை விளக்கினாலும் அது வேறொன்றாகப் போய்ச் சேர்ந்தது. வெள்ளிக்கிழமை தோறும் மரத்துக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். என் மூன்றாம் எண்ணுக்கும் ஐந்தாம் எண்ணுக்கும் சர்க்கரைப் பொங்கல் வைத்து எறும்பு ஏற்றினார்கள். எறும்பு பாலிதீனைக் கடித்து ஓட்டை போட்டது. நார் காய்ந்தது. அந்த இரண்டும் போயின. இன்னும் ஐந்து, காரணமே தெரியாமல் கறுத்துப் போயின. மார்கழியில் மீதி ஐந்தில் மட்டும் வேர் தெரிந்தது. பாலிதீனுக்குள்ளே வெள்ளை நூல்போல, நாருக்குள் நுழைந்து வெளியே எட்டிப் பார்த்தது. ஏணியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷத்தில் ஒரு தப்புச் செய்தேன். சித்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இதைப் பார்த்தாலாவது புரியும் என்று நினைத்தேன்.

சித்தி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஒனக்கு வேர் வந்துட்டு. வேல வந்துரும்."

"சித்தி, இது எல்லாருக்கும் வரும். பட்டைய உரிச்சு, மருந்து வச்சு..."

"எங்க வருது? எம் பயலோடது அப்புடியே மண்ணாக் கெடக்கு. ஒனக்கு மட்டும் வருது."

மறுநாளிலிருந்து பெண்கள் என்னை வழியில் நிறுத்தி, தங்கள் பொட்டலத்தில் ஏன் வேர் வரவில்லை என்று கேட்டார்கள். ஒருத்தி தன்னுடையதில் தவறு நடந்திருக்குமோ என்று அழவே செய்தாள். கடற்கரை மணலில் உப்பு இருக்கிறது, வராது அக்கா என்றேன். "உப்பத் தின்னுதான் நாங்க பொழைக்கிறோம்" என்றாள்.

வேர் நிறைந்துவிட்டது, இனி அறுத்து எடுக்கலாம் என்று ஒரு நாள் காலையில் கத்தரியோடு போனேன். மூன்று பெண்கள் ஏணியைப் பிடித்துக்கொண்டார்கள். வேலை கிடைக்காமல் வேண்டுதலை அவிழ்த்தால் எனக்கு ஒன்றும் ஆகாது, அம்மாவுக்குத்தான் ஆகும் என்றார்கள். அம்மாவும் வந்து நின்றாள். அவள் ஆரம்பித்த பொய்யை இப்போது அவளே நம்பிக்கொண்டிருந்தாள். "வேல கெடைக்காம எப்புடிடா அவுப்ப?" என்றாள், ஏதோ சட்டப் புத்தகத்தில் இருப்பது போல.

மேடத்துக்குப் போன் செய்தேன்.

"அஞ்சு வேர் விட்டிருக்கு மேடம்."

"அப்பாடா. பிரிச்சுப் பையில வையுங்க. ஆனா அஞ்சுல ஒண்ணு நின்னாலே பெரிசு. வீரை அப்படித்தான், பிரிச்சதும் ஷாக்ல போயிடும். தாய்மரம் பத்திரமா இருந்தா ஆடிக்கு மறுபடி போட்டுக்கலாம்."

"தாய்மரத்த தையில வெட்டப் போறாங்க மேடம்."

"பேசிப் பாருங்க" என்றார். "நீங்க அந்த ஊர்தான?" அந்த ஊர்தான் என்பதுதான் பிரச்சினை என்று வாய்வரை வந்தது. மார்ச்சோடு திட்டம் முடிகிறது, அதற்குள் அறிக்கை வேண்டும் என்று ஞாபகப்படுத்திவிட்டு வைத்தார்.

பொங்கல் முடிந்து மூன்றாம் நாள் மரம் வெட்டும் ஆட்கள் வந்தார்கள். பெண்கள் விடவில்லை. தங்கள் வேண்டுதல் தொங்கும்போது எப்படி வெட்டுவது என்று கேட்டு, கருவாட்டுப் பாயை மரத்தடியில் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். வந்தவர்கள் டீ குடித்துவிட்டுப் போனார்கள். மரம் தப்பியது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். மறுநாள் தலைவர் கூப்பிட்டனுப்பினார்.

"ஒன்னாலதான் தம்பி இம்புட்டும். ஸ்தபதி தெனம் கேக்குறாரு, தூண எங்க ஊணுறதுன்னு. நான் சொன்னா இவளுவ கேக்க மாட்டேங்குறாளுவ. வெள்ளிக்கெழம கூட்டத்துல எழுந்திரிச்சு நீயே சொல்லு. இது வேண்டுதல் இல்ல, வெறும் நாருக் கழிவு, ஆராய்ச்சின்னு. நீ படிச்ச புள்ள, சொன்னா கேப்பாளுவ."

"சொன்னா மரத்த வெட்டிருவீங்களே."

"ஒனக்கு வேண்டியத அறுத்துக்கிட்டப்பறம்தான வெட்டுவோம். ஒன்னோட அஞ்சு பொட்டலத்துக்கு நான் பொறுப்பு. இதுக்கு மேல என்னா வேணும்?"

நியாயமாகத்தான் பேசினார். உண்மையைச் சொன்னால் ஐந்து கிளை என் கைக்கு வரும், மரம் போகும். சொல்லாமல் இருந்தால் மரம் கொஞ்ச நாள் நிற்கும், வேர் பொட்டலத்துக்குள்ளேயே சுருண்டு காயும், என் அறிக்கை பூஜ்ஜியத்தில் முடியும். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. என்னைப் படிக்க வைத்தது இது போன்ற இடத்தில் எழுந்து நின்று உண்மையைச் சொல்வதற்குத்தான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. என்ன பேச வேண்டும் என்பதைத் தாளில் எழுதியும் வைத்துக்கொண்டேன். எளிய வார்த்தைகளில், யார் மனமும் புண்படாமல்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயில் தகரக் கொட்டகையில் கூட்டம் கூடியது. ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள், பெண்கள் ஓரத்தில் நின்றார்கள். அம்மா மார்க்கெட்டிலிருந்து நேராக வந்திருந்தாள். காலிக் கூடை இடுப்பில் இருந்தது. தலைவர் என்னைக் காட்டி, "தம்பி ஒரு விஷயம் சொல்லும்" என்றார்.

எழுந்தேன். தாளை எடுத்தேன். "அது வந்துங்க, நான் மரத்துல கட்டுனது..."

"சத்தமா" என்றார் யாரோ.

அந்த இடத்தில் எனக்குப் பக்தியும் வரவில்லை, தைரியமும் வரவில்லை. வந்தது கணக்கு. ஐந்தில் ஒன்று நின்றாலே பெரிசு. அந்த ஒன்றும் என் உப்புத் தண்ணீரில் போய்விட்டால்? அப்புறம் ஆடிக்கு எந்த மரத்தில் ஏறுவேன்? கொட்டகைக்கு வெளியே மரம் தெரிந்தது. பால் கவர்கள் காற்றில் சரசரத்தன.

"எனக்கு வேல கெடைச்சிட்டுங்க" என்றேன்.

தலைவர் என்னைப் பார்த்தார். "என்னா வேல?"

"கவர்மெண்டு வேலங்க."

"எப்ப?"

"இன்னைக்கு."

ஓரத்திலிருந்து குலவைச் சத்தம் எழுந்தது. நான் பொய் சொல்கிறேன் என்பது தலைவருக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரிந்தது எனக்கும் தெரிந்தது. ஆனால் அந்தக் குலவைக்கு நடுவில் அவராலும் எதுவும் சொல்ல முடியவில்லை. கூட்டம் கலையும்போது என் பக்கத்தில் வந்து, "நல்லாத்தான் படிச்சிருக்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வேலை வாங்கிக் கொடுத்த மரத்தை வெட்ட இனி எங்கள் ஊரில் ஒரு ஆளும் வரமாட்டான். மண்டபத்தின் ஒரு தூணை நாலடி தள்ளி ஊன்றினார்கள். இன்றைக்கும் அந்தப் பக்கம் கூரை கோணலாகத்தான் இருக்கிறது.

மறுநாள் காலையில் பொட்டலங்களை அறுத்தேன். நான் தனியாகப் போய் ஐந்து நிமிடத்தில் முடித்திருப்பேன். தாம்பாளம், தேங்காய், சூடம் என்று அரை ஊர் வந்தது. வேரைக் காற்றில் வைக்கக் கூடாது, ஈரச் சாக்கில் உடனே சுற்ற வேண்டும் என்று எத்தனை முறை சொன்னாலும், ஒவ்வொன்றையும் அறுத்து இறக்கியதும் சூடம் காட்டி, எல்லாரும் தொட்டுக் கும்பிட்டு, அப்புறம்தான் கொடுத்தார்கள். இரண்டாம் கிளையின் வேர் என் கண்ணெதிரே வாடியது. சூடத்தை எட்டப் பிடியுங்கள் என்று கத்தியே விட்டேன். வேலை கிடைத்ததும் கோபம் வந்துவிட்டது பார் என்று பேசிக்கொண்டார்கள்.

அன்றைக்கே அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவள் எனக்குப் புதுச் சட்டைத் துணி எடுத்து வந்திருந்தாள். கதவைச் சாத்திவிட்டு, மெதுவாக, தெளிவாகச் சொன்னேன்: வேலை கிடைக்கவில்லை, மரத்துக்காகச் சொன்னேன், மார்ச்சோடு இருக்கிற வேலையும் போகிறது.

துணியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். கடைசியில் எழுந்து ஜன்னலையும் சாத்தினாள்.

"அப்புடியே சொல்லு. வெளிய யாரு கேட்டாலும் இல்லைன்னே சொல்லு. கண்ணு படும்."

"அம்மா, நெசமாவே இல்ல."

"தெரியும் தெரியும்."

"சத்தியமா இல்லம்மா."

"சத்தியம்லாம் பண்ணாதடா. கெடைச்சத இல்லைன்னு சத்தியம் பண்ணக் கூடாது."

இருபது வருடம் கூடை சுமந்தவள். நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து இந்த ஒரு செய்திக்காகக் காத்திருந்தவள். அதைத் திருப்பி வாங்க என்னிடம் இருந்த வார்த்தைகள் போதவில்லை. அந்தத் துணியைத் தைக்கக் கொடுத்தாள். பங்குனியில் திட்டம் முடிந்து, ஆணை நின்று, சம்பளமும் நின்ற பிறகும், தினமும் காலையில் தேய்த்த சட்டையோடு டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்து வழியனுப்பினாள். நானும் போனேன். வேறு எங்கே போவது? நாற்றங்காலுக்குத்தான். வழியில் இரண்டு பேராவது நிறுத்தி, தங்கள் பையனுக்கும் ஏதாவது பார்த்துச் சொல்லுங்க தம்பி என்பார்கள். நேற்றுவரை டா போட்டவர்கள். பார்க்கிறேங்க என்று சொல்லிவிட்டு நடப்பேன்.

ஐந்து கிளைகளில் சூடம் பட்டது முதல் வாரம் போனது. இரண்டு, இலை உதிர்த்துவிட்டுக் குச்சியாக நின்றன. ஒரு மாதம் கழித்துக் கீறிப் பார்த்தேன், உள்ளே காய்ந்திருந்தது. நாலாவதை எலி கடித்தது. எலி என்று அறிக்கையில் எழுத முடியாது என்றார் மேடம். எழுதினேன். எட்டாம் எண் மட்டும் நின்றது. வாய்க்கால் தண்ணீரைச் சைக்கிளில் குடத்தில் கட்டிக் கொண்டுவந்து அதற்கு மட்டும் ஊற்றினேன். சித்திரை வெயிலில் இரண்டு இலை விட்டது, தாமிர நிறத்தில், விரல் நகம் அளவுக்கு. மேடத்துக்குப் போன் செய்து சொன்னபோது, சதவீதம் கேட்கவில்லை. "ஒண்ணா?" என்றார். "ஒண்ணுதான் மேடம்." "ஒரு செடிய நம்பி நடுறதுக்கு எடம் கேக்க முடியாதே. ஆடியில இன்னொரு செட் போட முடியுமா? சம்பளம் இப்ப கெடையாது. பஸ் காசு குடுக்குறேன்."

முடியும் என்றேன். மரம் நின்றதே அதற்குத்தானே.

இந்தத் தடவை ஏணியை யாரிடமும் கேட்கவில்லை, நாற்றங்காலிலிருந்தே கொண்டுபோனேன். ஆடி வெள்ளியை விட்டுவிட்டு, செவ்வாயை விட்டுவிட்டு, ஆள் நடமாட்டமில்லாத ஒரு புதன்கிழமை மத்தியானம் பார்த்து ஏறினேன். மரத்தில் பழைய பொட்டலங்களோடு புதுசும் சேர்ந்திருந்தன. நாகூரிலிருந்தெல்லாம் வந்து கட்டுகிறார்கள் என்று அம்மா சொல்லியிருந்தாள். காலியாக இருந்த கிளைகளைத் தேடித் தேடிப் பட்டையை உரித்துக்கொண்டிருந்தபோது கீழே கருவாட்டுக் கூடை வைக்கும் சத்தம் கேட்டது.

"ஒனக்குத்தான் கெடைச்சிட்டே. இன்னும் என்னாடா வேண்டுதல்?" சித்தி இடுப்பில் கை வைத்து அண்ணாந்து நின்றாள். மகனின் போட்டோ வெயிலில் வெளுத்துப் பாதி முகம் போய், இன்னும் அதே கிளையில் தொங்கியது.

ஆராய்ச்சி என்று ஆரம்பித்தால் சாயங்காலம் வரை பேச வேண்டும். பேசினாலும் வேறு என்னவாகவோ போய்ச் சேரும். கையில் மருந்து காய்ந்துகொண்டிருந்தது.

"கல்யாணம், சித்தி" என்றேன்.

சித்தி ஏணியடியில் நான் வைத்திருந்த பாலிதீன் துண்டுகளை ஒன்று விடாமல் எண்ணினாள்.

"ஒரு பொண்ணுக்கு எதுக்குடா பன்னெண்டு?"

கையை நீட்டினேன். முணுமுணுத்துக்கொண்டே சணலை எடுத்துக் கொடுத்தாள்.